நாக்கை நீட்டிய சுருள்

குடிநீர் வாரியத்தின் உதிரிப்பாகக் கிடங்கில் அவருக்கு வேலை. வால்வு, வாஷர், மீட்டர், முக்கால் அங்குலக் குழாய்க்கு முழங்கை என்று எதைக் கேட்டாலும், எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வாஷர்கூட அவர் கையில் இடம் மாறியது கிடையாது. அதுவே பெரிய பெருமைதான். ஆனால் அந்தப் பெருமை அவருக்குப் போதவில்லை. வாஷரை எடுத்துக் கொடுக்கிறவனை யார் மெச்சப் போகிறார்கள்?

நாற்பத்து மூன்றாவது வயதில் பழைய ஃபிலிம் கேமரா ஒன்று அவர் கைக்கு வந்தது. ஓய்வு பெற்ற மேலாளர் தன் மேசையைக் காலி செய்யும்போது, தூக்கிப் போட மனசில்லாமல் இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மேலாளர் செய்த காரியத்துக்கு அலுவலகமே அவரை இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து நம்மவர் வாயைத் திறந்தால் ஃபிலிம்தான். அதையும் ஃபிலிம் என்று சொல்ல மாட்டார், சுருள் என்பார். "நேத்து ஒரு சுருள் கழுவினேன்", "இந்தச் சுருள்ல வெளிச்சம் அள்ளிக்கிட்டு வந்திருக்கு" என்று தேநீர் வேளையில் ஆரம்பித்தால், எதிரில் இருப்பவர் டம்ளரோடு நகர்ந்துவிடுவார். அலுவலகத்தில் அவருக்குச் சுருளார் என்று பெயர் வைத்தார்கள். அது கேலி என்று தெரிந்தும் அவருக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி இருந்தது.

வீட்டில் இருந்தவர்கள் பட்ட பாடு வேறு. அந்த வீட்டில் குளியலறை ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் அது சுருளாருக்குச் சொந்தம். மருந்துக் கரைசல் பாட்டில்கள், அளவுக் குவளைகள், வெப்பமானி, ஃபிலிமைச் சுற்றிப் போட்டுக் கழுவும் கறுப்பு டப்பா எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டுக் கதவைத் தாழ் போட்டுக்கொள்வார். கல்லூரிக்குப் போகும் மகள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள்.

"அப்பா, இன்னும் எவ்வளவு நேரம்?"

"எட்டரை நிமிஷம். இருபது டிகிரில எட்டரை நிமிஷம். ஒரு டிகிரி ஏறுச்சுன்னா கதையே வேற."

"நான் குளிக்கணும்ப்பா. கதை கேக்க வரல."

ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டு சுருள்களுக்கு. காய்கறி மேசைமேல் வதங்கிக் கிடக்கும். குளிர்ச்சியில் இருந்தால்தான் சுருள் கெடாதாம். காய் கெடுமே என்று கேட்டால், காய் நாளைக்கும் கிடைக்கும் என்பார்.

இத்தனைக்கும் அவர் மனைவி அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. கடைத்தெருவில் துணி திருத்திக் கொடுக்கும் சின்னக் கடை அவளுக்கு. இடுப்பைக் குறைப்பது, நீளத்தை மடிப்பது, பிரிந்த தையலைச் சேர்ப்பது என்று பகல் முழுக்கத் தலை குனிந்தே இருப்பாள். வெளிச்சம் புகாமல் கையை நுழைத்து ஃபிலிமைச் சுற்ற ஒரு கறுப்புப் பை வேண்டும் என்று அவர் புலம்பியபோது, இரண்டடுக்குத் துணியில் இரண்டு கைக்கும் இறுக்கமான எலாஸ்டிக் வைத்து ஒரே மத்தியானத்தில் தைத்துக் கொடுத்தவள் அவள்தான். "குடிக்கிறாரா, சீட்டாடுறாரா? ஏதோ பெட்டிய வெச்சுக்கிட்டு விளையாடுறாரு, விடு" என்று மகளையும் அடக்குவாள்.

சுருளாருக்குக் கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவர் பல் டாக்டர், இன்னொருவர் கணக்கு வாத்தியார். டாக்டரின் கிளினிக் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் என்பதால் மத்தியானத்தில் சங்கம் அங்கேதான் கூடும். பல் எக்ஸ்ரே பார்க்கிற வெள்ளை விளக்குப் பலகைமேல் மூன்று பேரும் நெகட்டிவ்களை வைத்துக் குனிந்துகொண்டு, இந்தச் சாம்பல் போதுமா, அந்தக் கறுப்பு தாங்குமா என்று அடித்துக்கொள்வார்கள். ஃபிலிமை ஸ்கேன் பண்ணும் எந்திரம் டாக்டரிடம் மட்டும்தான் உண்டு. அதனால் டாக்டர்தான் தலைவர். அவர் நன்றாயிருக்கிறது என்றால் நன்றாயிருக்கிறது. நாலு வருஷமாகச் சுருளார் படம் ஒன்றைக்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை. "ஃபோகஸ் சரியா இருக்கு" என்பார். பல்லில் சொத்தை இல்லை என்று சொல்வதுபோல இருக்கும். சுருளார் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்து வெந்துபோவார்.

அந்த வருஷம் கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, லீவில் வந்தான். மாமனாரும் அவனும் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அம்மா இறந்தபோது அவன் நடுக்கடலில் இருந்தான், வந்து சேர இருபது நாளாயிற்று. மாமனார் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நேரத்துக்கு வராதவனை அவர் ஆயுசில் ஏற்றிக்கொண்டதில்லை. பெற்ற மகனுக்கும் அதே சட்டம்தான். மனைவி இருவருக்கும் நடுவில் ஒன்பது வருஷமாகத் தூது போய் அலுத்திருந்தாள். இந்தத் தடவை எப்படியோ மன்றாடி, இரண்டு பேரையும் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வரவழைத்துவிட்டாள்.

அன்றைக்கு மகள் போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனாள். சுருளார் விடுவாரா?

"வை உள்ள. எல்லாரும் போனை எடுத்து அந்தப் பாத்திரத்துல போடுங்க. ஆளாளுக்கு டிக்கு டிக்குன்னு அடிச்சா தருணத்துக்கு என்ன மரியாதை? நான் எடுக்கிறேன். ஒரு தடவை, ஒழுங்கா, சுருள்ல."

"ஏங்க, அவளும் ஒண்ணு எடுக்கட்டுமே" என்றாள் மனைவி.

"என்மேல நம்பிக்கை இல்லியா உனக்கு?"

அதற்குமேல் அவள் என்ன சொல்வாள்? போன்கள் பாத்திரத்துக்குள் போயின, மேலே மூடியும் விழுந்தது.

சாப்பாடு முடிந்து அப்பனும் மகனும் சோபாவில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சான்தான் முதலில் நகர்ந்து பக்கத்தில் வந்தான். என்னவோ சொன்னான், யாருக்கும் கேட்கவில்லை. கிழவர் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைத் தூக்கி மகன் தலைமேல் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அழுகையை அடக்குகிறார், அடங்கவில்லை, கூடவே ஒரு சிரிப்பும் வருகிறது. சமையலறை வாசலில் நின்ற மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுருளார் சரியாக அந்த நேரத்தில் அழுத்தினார். உண்மையைச் சொல்ல வேண்டும், நாலு வருஷத்தில் அவர் உருப்படியாகப் பிடித்த படம் அது ஒன்றுதான்.

நாலாம் நாள் மச்சான் கப்பலுக்குத் திரும்பினான். பத்தாம் நாள் போன் செய்தான். கிழவர் எடுக்கவில்லை. மனைவி அப்பா வீட்டுக்கே போய்க் கேட்டாள்.

"அன்னிக்குத்தான் எல்லாம் சரியாப்போச்சேப்பா. தலையில கைய வெச்சீங்களே."

"யாரு, நானா? உனக்காகப் பக்கத்துல உக்காந்தேன், அவ்வளவுதான். தலையில கைய வெச்சேனாம். நீ பாத்தியா?"

"நான் பாத்தேன். அழுதீங்க."

"தூசி விழுந்திருக்கும்."

பிடிவாதம் பிடித்த கிழவரிடம் என்ன பேசுவது? ஆனால் அவள் சளைக்கவில்லை. "போட்டோ இருக்குப்பா. வரட்டும். பெரிசாப் போட்டு உங்க கட்டிலுக்கு எதிர்ல மாட்டுறேன். அப்புறம் சொல்லுங்க, நான் இல்லன்னு" என்றாள். கிழவர் "வரட்டும், பாக்கலாம்" என்று மட்டும் முனகினார். அவளுக்கு அது போதும். தன் முகத்தைத் தானே பார்த்துவிட்டால் அப்பா போனை எடுத்துவிடுவார் என்று அவள் நம்பினாள்.

"ஏங்க, படம் என்னாச்சு?"

"சுருள்ல இன்னும் பதினொண்ணு மிச்சமிருக்கு. முடியட்டும்."

பதினொன்றையும் மொட்டைமாடிக் கொடியில் காயும் துணிகள்மேல் செலவழித்தார். பிறகும் கழுவவில்லை. மருந்து கரைத்தால் அஞ்சு சுருளாவது கழுவ வேண்டும், ஒன்றுக்காகக் கரைத்தால் மருந்துக்கு அவமானம் என்பது அவர் கொள்கை. கைவசம் மூன்றுதான் சேர்ந்திருந்தது. மனைவி ஒவ்வொரு ஞாயிறும் கேட்டாள். அவர் ஒவ்வொரு ஞாயிறும் கொள்கையைச் சொன்னார்.

இங்கே அவருடைய வித்தை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படம் எடுத்து முடித்ததும் ஃபிலிமை அதன் சின்ன உலோகக் குப்பிக்குள் திருப்பிச் சுற்றுவார்கள் அல்லவா? சாதாரண ஆட்கள் முழுக்கச் சுற்றிவிடுவார்கள், நுனி உள்ளே போய்விடும். பிறகு அதை வெளியே இழுப்பது தொல்லை. சுருளார் காதைக் கேமராமேல் வைத்துக்கொண்டு சுற்றுவார். உள்ளே 'டொக்' என்று பிடி விடும் சத்தம் கேட்டவுடன் நிறுத்திவிடுவார். குப்பியை எடுத்தால் ஃபிலிமின் நாக்கு அழகாக இரண்டு விரல் நீளத்துக்கு வெளியே நிற்கும். இந்த வித்தையை வாத்தியாரிடம் காட்டி நாள்கணக்கில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

வித்தையில் ஒரே ஒரு சிக்கல். படம் எடுக்காத புதுச் சுருளுக்கும் நாக்கு அப்படித்தான் வெளியே நிற்கும். அதனால் எடுத்த சுருளின் நாக்கு நுனியை மடித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் குப்பிமேல் பேனாவால் ஒரு கோடாவது போட வேண்டும். டாக்டரும் வாத்தியாரும் அப்படித்தான் செய்கிறார்கள். "எனக்கு எதுக்கு அதெல்லாம்? எந்தச் சுருள் எதுன்னு பாத்தாலே தெரியும்" என்பார் சுருளார். கிடங்கில் ஆறாயிரம் சாமானுக்குச் சீட்டு ஒட்டி வைத்திருக்கிற மனுஷன் இவர்.

ஒரு ஞாயிறு, பழைய நீரேற்று நிலையத்தில் படம் எடுக்கலாம் என்று சங்கம் முடிவு செய்தது. உபயோகத்தில் இல்லாத குழாய்களும் வால்வுகளும் வெயிலில் வரிசையாக நிற்கும் இடம். டாக்டருக்கும் வாத்தியாருக்கும் அது புதுமை. சுருளாருக்குத் தினமும் பார்க்கிற சனியன், இருந்தாலும் துள்ளிக்கொண்டு கிளம்பினார். ஃபிரிட்ஜைத் திறந்தார், நாக்கை நீட்டிக்கொண்டிருந்த ஒரு சுருளை எடுத்தார், கேமராவில் மாட்டினார். முப்பத்தாறும் முடியும்வரை குழாய்களைச் சுட்டுத் தள்ளினார்.

மூன்றாவது வாரத்தில் ஒருவழியாக அஞ்சு சுருள் சேர்ந்ததும் கழுவினார். கொடியில் தொங்கவிட்டபோது ஒன்று மட்டும் கறுகறுவென்று இருந்தது. மருந்தில் கொஞ்சம் கூடுதலாகக் கிடந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். காய்ந்ததும் வெட்டி உறையில் போட்டு மத்தியானம் கிளினிக்குக்குக் கொண்டு போனார். டாக்டர் விளக்குப் பலகையில் ஒரு துண்டை வைத்துப் பூதக்கண்ணாடியைக் கண்ணில் ஒட்டிக்கொண்டார். வெகுநேரம் நிமிரவில்லை.

"இத ஸ்கேன் பண்ணிப் பாப்போம்" என்றார்.

கணினித் திரையில் படம் விரிந்தது. சோபா தெரிந்தது. மச்சான் குனிந்த தலையோடு தெரிந்தான், தலைமேல் ஒரு கை. அந்தக் கைக்கு உரிய முகம் இருக்க வேண்டிய இடத்தில், வெயிலில் பளபளத்த வெள்ளை பெயின்ட் வால்வுச் சக்கரம் ஒன்று வட்டமாக உட்கார்ந்திருந்தது. கழுத்திலிருந்து குழாய்கள் கிளம்பி இரண்டு பக்கமும் ஓடின. சுருளாருக்கு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. மற்ற முப்பத்தைந்தும் குப்பை, ஒன்றின்மேல் ஒன்று ஏறி எதுவும் தெரியவில்லை. இது ஒன்றில்தான் இரண்டு படமும் அளவெடுத்தாற்போல் பொருந்தி விழுந்து தொலைத்திருந்தது.

"இது வேணும்னே பண்ணதா?" என்று கேட்டார் டாக்டர். நாலு வருஷத்தில் அவர் குரலில் சுருளார் கேட்டிராத ஒரு மரியாதை.

அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு, அது அவருக்குத் தெரியாமலில்லை. வாத்தியார் வாயைப் பிளந்துகொண்டு திரையைப் பார்க்கிறார். டாக்டர் எழுந்து நின்றே விட்டார். சுருளார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பின்ன? தானாவா வரும்?" என்றார்.

அவ்வளவுதான். டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாத்தியார் படத்துக்கு 'இரும்பில் உறவு' என்று பெயரே வைத்துவிட்டார். நூலக மண்டபத்தில் வரப்போகும் புகைப்படப் போட்டிக்கு இதை அனுப்பியே தீர வேண்டும் என்றார்கள். சுருளாரும், முகமில்லாத தகப்பன், இறுகிப்போன வால்வு, உறையும் காலம் என்று வாயில் வந்ததையெல்லாம் சேர்த்து இரண்டு பத்தி எழுதிக் கொடுத்தார். எழுத எழுத அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால், தன்னை அறியாமல் தான் திட்டமிட்டிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"வந்துருச்சா?"

"அந்தச் சுருள்ல வெளிச்சம் புகுந்திருச்சும்மா. கேமராவோட பின்கதவு சரியா மூடல போல. எல்லாமே போச்சு."

அவள் முகம் ஒரு கணம் வெளிறிப்போனது. பிறகு அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதை அவள் வேறு விதமாக எடுத்துக்கொண்டாள்.

"சரி விடுங்க. நீங்க என்ன வேணும்னா பண்ணீங்க? அன்னிக்கு எவ்வளவு ஆசையா எடுத்தீங்க. மனசு உடைஞ்சு போகாதீங்க" என்று தோளைத் தட்டிக் கொடுத்தாள். அன்றைக்கு அவருக்குப் பிடித்ததாகச் சமைத்தும் போட்டாள். அவரும் வெட்கமில்லாமல் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். அப்பாவிடம் மட்டும் அவள் விஷயத்தைச் சொல்லவில்லை. கழுவுகிற இடத்தில் ஏதாவது செய்து மீட்டுவிடுவார்கள், அவர் முயற்சி செய்துகொண்டிருக்கிறார் என்று சமாளித்தாள்.

போட்டியில் 'இரும்பில் உறவு' முதல் பரிசு வாங்கியது. சுருளார் வீட்டில் மூச்சு விடவில்லை. கண்காட்சி நாளன்று கிடங்கில் ஸ்டாக் சரிபார்ப்பு என்று சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையைப் பைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினார். அங்கே நூலகராக இருக்கும் அம்மா தன் மகனுடைய பேன்ட்டை நீளம் குறைக்க எந்தக் கடைக்குக் கொடுத்திருக்கிறார் என்று சுருளாருக்கு எப்படித் தெரியும்?

"உங்க வீட்டுக்காரருக்கு முதல் பரிசாமே. ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க" என்றாராம் நூலகர் அம்மா, பேன்ட்டை வாங்கிக்கொண்டே.

மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன்னை ஆச்சரியப்படுத்தத்தான் மறைத்திருக்கிறார் என்று நினைத்தாள். கடையைப் பாதியில் மூடிவிட்டு, இருப்பதில் நல்லதாக உடுத்திக்கொண்டு, மண்டபத்துக்கு வந்து சேர்ந்தாள். உள்ளே சுருளார் தன் படத்துக்குப் பக்கத்தில் பத்துப் பதினைந்து பேர் நடுவில் நின்றுகொண்டிருந்தார். நடுவராக வந்திருந்த நரைத்த பெண்மணி கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"முகத்தை நான் வேணும்னேதான் மறைச்சேன். ஒரு தகப்பனோட பாசத்தை ஒரு வால்வு மாதிரி…"

மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு படத்துக்கு முன்னால் வந்தாள். சுருளார் பேச்சு அறுந்தது. அவள் படத்தைப் பார்த்தாள். சோபாவை அவளுக்குத் தெரியும், உறை தைத்ததே அவள்தான். தம்பியைத் தெரிந்தது. அந்தக் கையையும் தெரிந்தது. சக்கரத்தின்மேல் கண் நின்றுவிட்டது.

"வேணும்னேதான் மறைச்சீங்களா?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

சுருளார் வசமாக மாட்டிக்கொண்டார். ஆமாம் என்றால் இவளுக்கு அவர் இனி மனுஷனே இல்லை. இல்லை என்றால் இத்தனை பேர் முன்னால் பொய்யன், பரிசும் போயிற்று. டாக்டர் பார்க்கிறார், வாத்தியார் பார்க்கிறார். கடைசியில் அவர் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டார், அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"இல்லம்மா. தெரியாம அதே சுருளை மறுபடி மாட்டிட்டேன். அடையாளம் போட்டு வைக்கல. தப்பு நடந்துபோச்சு. வேணும்னு பண்ணல. எல்லாம் பொய்."

முதலில் டாக்டர்தான் சிரித்தார்.

"பாத்தீங்களா மேடம்? எப்பவும் இப்படித்தான். யாராவது பாராட்டினா போதும், தானா நடந்துச்சும்பாரு. எங்க ஆளுக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி."

"அச்சு அசலா பொருந்தியிருக்கு. இது தவறுதலா நடக்க வாய்ப்பே இல்ல" என்று கணக்கு வாத்தியார் கணக்குப் போட்டுச் சொன்னார். நடுவர் அம்மா நெகிழ்ந்துபோய்த் தலையை ஆட்டினார். யாரோ கை தட்டினார்கள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சுருளார் "இல்லீங்க, நிஜமாத்தான்" என்று இரண்டு முறை சொன்னார். தட்டல் கூடியதே தவிரக் குறையவில்லை.

மனைவி மட்டும் நம்பினாள். அவள் கை தட்டவில்லை.

"தெரியாம நடந்ததுன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. நான் உங்களைத் திட்டியா இருப்பேன்? மனசு உடையாதீங்கன்னு உங்களுக்கு நான் ஆறுதல் சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றாள்.

அவள் படத்துக்குக் கிட்டே போய்க் கண்ணாடிமேல் விரலை வைத்து, சக்கரத்தின் ஓரத்தை வட்டமாகத் தடவிப் பார்த்தாள். தையல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடுகிற விரல் அது.

"இத மட்டும் தனியா பிரிச்சு எடுக்க முடியாதா? உங்க டாக்டர்கிட்ட மெஷின் இருக்கே. மருந்தெல்லாம் இருக்கே உங்ககிட்ட. கீழ எங்க அப்பா முகம் இருக்கும்ல?"

"கீழ ஒண்ணும் இல்லம்மா. முடியாது."

அவள் விரலை எடுத்துக்கொண்டாள். மேடையில் பரிசுக்குப் பெயர் வாசிக்கத் தொடங்கினார்கள், டாக்டர் சுருளாரின் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

"கை தெரியுது" என்றாள் மனைவி. "யாரோட கைன்னுதான் தெரியல. எங்க அப்பா இதப் பாத்தா, நான் இல்லன்னுதான் சொல்வாரு. அவர் சொல்றதும் சரிதான்னு ஆயிடும்."